வெண்பாவின் வலது கன்னம்

சங்ககிரி பைபாஸில், சிமெண்ட்டும் நெல்லும் இரும்புக் கம்பியும் ஏற்றிக்கொண்டு வரும் நாற்பது டன் லாரிகளைப் பதினோரு வருடமாக எடை போட்டுச் சீட்டு அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஒருவனுக்கு, ஒரு வருடம் ஏழு மாதமான தன் சொந்த மகளை எடை போடத் தெரியாமல் போனது. அந்த ஒருவன் நான்தான், பெயர் செங்கோட்டுவேலு, ஊரில் வேலு என்று கூப்பிடுவார்கள், வீட்டில் எப்படியெல்லாம் கூப்பிடுவார்கள் என்பது இதைப் படித்து முடிப்பதற்குள் உங்களுக்கே தெரிந்துவிடும்.

எங்கள் எடை மேடைக்கு ஒரு குணம் உண்டு. அது இருபது இருபதாகத்தான் எண்ணும். பத்து கிலோவுக்குக் குறைந்த எதை வைத்தாலும் சிவப்பு எழுத்தில் பூஜ்யம் காட்டும், பத்தைத் தொட்டுவிட்டால் கூசாமல் இருபது என்று காட்டும். வெண்பா பத்தைத் தாண்டிய அன்று, இரண்டு லாரிகளுக்கு நடுவே கிடைத்த இடைவெளியில் அவளை மேடையின் நட்டநடுவில் தனியாக நிற்க வைத்து, இருபது என்று விழுந்ததும் சீட்டு அடித்து, அதைப் படம் பிடித்து, மாமனார் வீட்டு குரூப், பங்காளிகள் குரூப், பத்தாம் வகுப்பு குரூப் என்று ஒன்று விடாமல் அனுப்பிவைத்தேன். "பொய்ச் சீட்டு அடிக்கறதுக்கு மாசமானா சம்பளம் வேற" என்றாள் என் மனைவி சுகந்தி. அவளுக்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் குழந்தை அப்படித்தான் இருந்தாள். அவள் வருவதற்கு முன்பே அவள் தொப்பை வந்து வாசலில் நிற்கும். இரண்டு மணிக்கட்டிலும் நூல் கட்டி இறுக்கியது போல மடிப்பு. இடது கன்னத்தில் சிரித்தாலும் அழுதாலும் ஒரு குழி விழும். வலது கன்னத்தில் குழி கிடையாது, ஆனால் அதுதான் பெரியது. அதில்தான் சுகந்தி தினமும் குளிப்பாட்டியதும் திருஷ்டி மை எடுத்து ஒரு பொட்டு வைத்து, வைத்த கையோடு ஒரு முத்தமும் வைப்பாள். மேடைக்குப் பின்னால் ஒரே ஓட்டின் கீழ் ஐந்து வீடுகள், எதிரே பஞ்சர் கடை, பக்கத்தில் முதலாளியின் அறை. எங்களுக்குப் பிறந்தாளே தவிர வெண்பா வளர்ந்தது இத்தனை இடத்திலும்தான். வாயைத் திறந்துகொண்டு போய் நின்றால் யாராவது எதையாவது ஊட்டிவிடுவார்கள், இவளும் அடுத்த வாசலுக்கு நடப்பாள்.

சித்திரை மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவள் வாந்தி எடுக்க ஆரம்பித்தாள். பிறகு வயிற்றால் போக ஆரம்பித்தது. உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்தோம், கொடுத்ததை வாங்கிக்கொண்டு இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுத்தாள். மூன்று நாள் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக ஓடினோம். வெள்ளிக்கிழமை எல்லாம் நின்றபோது டாக்டரம்மா அவளைத் தன் குட்டித் தராசில் படுக்க வைத்துப் பார்த்தார். எட்டு கிலோ தொள்ளாயிரம். அது போதாதென்று, வீட்டுக்கு வந்ததும் எங்கள் மேடையிலும் நிற்க வைத்துப் பார்த்தேன். பூஜ்யம் காட்டியது. பெற்ற மகள் நிற்கும்போது பூஜ்யம் காட்டுகிற ஒரு யந்திரத்தைப் பதினோரு வருடமாகத் துடைத்து, பொட்டு வைத்து, ஆயுத பூஜைக்குப் பொரிகடலை படைத்திருக்கிறேன்.

சனிக்கிழமை காலையில் குளிப்பாட்டும்போதுதான் சுகந்தி சரியாகப் பார்த்தாள். இளைத்த குழந்தை எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகத்தானே இளைக்கும்? இவளுக்கு அப்படி இல்லை. கைகால் எல்லாம் பழையபடி இருக்க, தொப்பை மட்டும் முழுசாகக் காணோம், மணிக்கட்டு மடிப்பு இரண்டும் இல்லை, இரண்டு கன்னமும் இல்லை. கழற்றி எடுத்துக்கொண்டு போனது மாதிரி இருந்தது. மைப் பொட்டு வைக்க இடம் தேடி விரல் அப்படியே நின்றுவிட்டது. "ஏனுங்க, இது நம்ம புள்ளதானுங்களா?" என்று கேட்டுவிட்டு அழுதாள். எனக்கு அன்று காலை வாய் திறக்க முடியாத காரணம் ஒன்று இருந்தது, அதைப் பிறகு சொல்கிறேன்.

அன்று பத்து மணிக்கு எங்கள் முதலாளி பொன்னுசாமி, ஓவர்லோடு ஏற்றி வந்த ஒரு டிரைவரை வழக்கம் போலக் கெட்ட வார்த்தையில் திட்ட ஆரம்பிக்க, பாதித் திட்டில் அவர் இடது கன்னத்தில் ஒரு குழி விழுந்தது. அறுபது வயது மனிதர், கொம்பு மாதிரி மீசை, அவர் செருமினால் லாரி என்ஜின் தானாக நின்றுவிடும் என்பார்கள். அந்த முகத்தின் இடது பக்கத்தில் வெண்ணெய் மாதிரி ஒரு கன்னமும் அதில் ஒரு குழியும். டிரைவர் திட்டு வாங்குவதை மறந்துவிட்டு, "மொதலாளி, இன்னொருக்கா திட்டுங்க" என்றான்.

மத்தியானத்துக்குள் மற்றதும் தெரிந்தது. பஞ்சர் கடை ஷாஜகான் அண்ணன் வாழ்நாள் முழுக்கக் கொக்கி மாதிரி வளைந்த ஒல்லி மனிதர். அவர் சட்டைப் பொத்தான் இரண்டு தெறித்து, உள்ளே உருண்டையாக, கிண்ணென்று, தொப்புள் துருத்திக்கொண்டு ஒரு தொப்பை வந்திருந்தது. எங்கள் வரிசையில் முதல் வீட்டு ராஜாமணி அக்கா ஜாக்கெட் தைப்பவர். அவருடைய இரண்டு மணிக்கட்டிலும் மடிப்பு விழுந்து, கண்ணாடி வளையல் மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் நடுவில் மாட்டிக்கொண்டது. மடிப்புக்குள் குழந்தைப் பவுடர் வாசம் வந்தது. யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. டாக்டரம்மாவிடம் சொன்னபோது அவர்கூட, "ஒண்ணேகால் கிலோ போயிருக்குன்னா எங்கியாச்சும் போய்த்தானம்மா இருக்கணும்" என்று சொல்லி, மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். இடது கன்னம், முதலாளி. தொப்பை, பஞ்சர் கடை. மடிப்பு, தையல்காரம்மா. வலது கன்னத்துக்கு நேரே மட்டும் ஒரு கேள்விக்குறி போட்டார்.

"மூணு வாரம் பாக்கலாம். மூணாவது வாரம் முடிஞ்சு திங்கக்கெழம காலையில கூட்டிட்டு வாங்க, பத்தைத் தொட்டிருக்கணும். தொடலைன்னா சேலத்துல சேத்து, மூக்கு வழியா குழாய் போட்டுத்தான் சத்து ஏத்தணும்" என்றார். சுகந்தி குழந்தையின் மூக்கைக் கையால் மூடிக்கொண்டாள்.

எப்படி இவர்களிடம் போனது என்று கண்டுபிடிக்கச் சுகந்திக்கு அரை நாள்கூட ஆகவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை குழந்தைக்கு யார் யார் கையால் ஊட்டினார்களோ அவர்களிடம்தான் போயிருக்கிறது. ஷாஜகான் அண்ணன் டீயில் பன் நனைத்துக் கொடுத்ததை ஒப்புக்கொண்டார். ராஜாமணி அக்கா ஒரு முறுக்கு என்றார். முதலாளி யாரும் கேட்பதற்கு முன்பே, "ஒரே ஒரு துண்டு மைசூர்பாக்குதான், அதுவும் நெய்யில செஞ்சது" என்று சொல்லி, சொல்லும்போது குழியும் காட்டினார். "அப்ப அன்னிக்கி யாரோ ஒருத்தர் குடுத்ததுலதான் எம் புள்ளைக்கி இப்படி ஆயிருக்குது" என்றாள் சுகந்தி. "வலது கன்னம் யாருகிட்ட இருக்குதோ அவங்கதான். அதான் பெருசு."

அன்றிலிருந்து யாரும் குழந்தையைத் தொடக்கூடாது, எதுவும் ஊட்டக்கூடாது. அந்த அறிவிப்பை அவள் சொல்லச் சொல்ல நான்தான் மேடை யந்திரத்தில் சீட்டாக அடித்துக் கொடுத்தேன். மேலே தேதி, நேரம், 'வண்டி எண்: இல்லை', கீழே 'குழந்தைக்கு எதுவும் ஊட்டக் கூடாது, நன்றி மீண்டும் வருக' என்று வந்தது. அதைக் கதவில் ஒட்டினோம். அவள் தண்ணீரைக் காய்ச்சினாள், கரண்டியைக் காய்ச்சினாள், கிலுகிலுப்பையைக் காய்ச்சினாள். குழந்தையை இடுப்பிலிருந்து இறக்கவேயில்லை. ஷாஜகான் அண்ணன் முகத்தைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் கடையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே, "விடுங்கண்ணா, பெத்தவ பாருங்க, பதறத்தான் செய்வா" என்று நான் ஆறுதல் வேறு சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்னையே நாலு சாத்து சாத்த வேண்டும் போல இருக்கிறது.

ஏனென்றால் வலது கன்னம் என்னிடம் இருந்தது.

சனிக்கிழமை காலை பல் விளக்கும்போது கண்ணாடியில் பார்த்தேன். என் முகத்தின் வலது பக்கம், தாடி மீசை எதுவும் முளைக்காமல், பஞ்சு மாதிரி உப்பி, நடுவில் திருஷ்டிப் பொட்டோடு இருந்தது. சோப்புப் போட்டுத் தேய்த்தேன், மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தேன், பொட்டுகூட அழியவில்லை. பிறகு ஒரு துண்டை எடுத்து தாடையைச் சுற்றி உச்சந்தலையில் முடிச்சுப் போட்டுக்கொண்டு வந்து, "பல் வலி" என்றேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் நடந்தது இதுதான். சுகந்தி ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். மொபெட்டில் ஐஸ் பெட்டி கட்டிக்கொண்டு வருகிறவர் மணி அடித்தார். நான் ஒரு பால் ஐஸ் வாங்கிக் குழந்தை கையில் கொடுத்தேன். ஐஸ் மேல் ஒரு குற்றமும் இல்லை. குழந்தை அதை மேடை மேல் போட்டுவிட்டாள். அந்த நாளில் மட்டும் முப்பத்தியொரு லாரி ஏறி இறங்கிய மேடை. கடைசியாக ஏறி இறங்கியது கோழி உரம் ஏற்றிய வண்டி. நான் என்ன செய்தேன்? ஐஸைக் குனிந்து எடுத்தேன், 'ப்பூ' என்று ஊதினேன், லுங்கியில் ஒரு துடை துடைத்தேன், திருப்பி அவள் வாயில் வைத்தேன். அவள் கடைசிச் சொட்டு வரைக்கும் சப்பிச் சாப்பிட்டாள். கையால் ஊட்டிய அந்த ஐஸ்தான் எனக்குக் கன்னம் வாங்கிக் கொடுத்தது.

சொல்லியிருக்கலாம். முதல் நாளே சொல்லியிருந்தால் ஒரு நாள் சண்டையோடு போயிருக்கும். ஆனால் 'நாளைக்குச் சொல்லலாம்' என்கிற விஷயத்தில் எனக்கு ஈடு இணை கிடையாது. சுகந்தி என் பல் வலிக்கு இரங்கி, கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள். கிராம்புத் தைலம் வாங்கி வந்து, பஞ்சில் நனைத்து, "வாயத் தொறங்க" என்று நல்ல பல் மேலெல்லாம் தடவிவிட்டாள். நாக்கு எரிந்து கண்ணில் தண்ணீர் வந்தது. "பாவம், எவ்வளவு வலிக்குதோ" என்றாள்.

இதற்கிடையில் ஊர் அந்த அதிசயத்தோடு பழகிப்போனது. பழகிப்போனது என்ன, விட மனமில்லாமல் ஆகிவிட்டது. ராசிபுரம் வரைக்கும் போகிற வண்டியைக்கூடச் சுற்றிக்கொண்டு எங்கள் மேடைக்கு விட்டு, முதலாளியிடம் வேண்டுமென்றே திட்டு வாங்கிப் போனார்கள் டிரைவர்கள். அவரும் முன்பு ஒரு திட்டு திட்டிய இடத்தில் மூன்று திட்டினார். முப்பத்தைந்து வருடமாக அவருக்குச் சாப்பாட்டைத் தூக்குச் சட்டியில் கொடுத்தனுப்பிய அவர் சம்சாரம், இப்போது தானே எடுத்து வந்து எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஷாஜகான் அண்ணனின் தொப்பையை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனால் தூத்துக்குடி போய்த் திரும்பும் வரை டயர் வெடிக்காது என்று ஒரு டிரைவர் கிளப்பிவிட, பஞ்சர் ஒட்டுகிற தொழிலே படுத்துவிட்டது. ஆனாலும் அவர் யாரையும் தட்டவேண்டாம் என்று சொல்லவில்லை. ராஜாமணி அக்கா பவுடர் வாசம் வருகிற தன் மணிக்கட்டை மோந்து பார்த்துக்கொண்டே தைத்து, மூன்று ஜாக்கெட்டில் கையை மாற்றி வைத்தார். அவருக்குக் குழந்தை இல்லை. அவர் அதைக் கெடுதலாக வைத்துக்கொள்ளவில்லை என்று எல்லோருக்கும் தெரியும், சுகந்திக்கும் தெரியும், ஆனால் அந்த வாரங்களில் சுகந்திக்கு யாருக்காகவும் இரங்க நேரமில்லை.

குழந்தையோ சாப்பிடவில்லை. பத்து வாசலில் வாங்கித் தின்று பழகிய வாய், காய்ச்சிய கரண்டியைக் கண்டதும் மூடிக்கொண்டது. ஒன்பதும் ஆகவில்லை.

என்னைப் பற்றியும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பயத்தினால் மட்டும் நான் அந்தக் கன்னத்தை ஒளித்து வைக்கவில்லை. குழந்தை அந்த நாட்களில் அம்மாவின் இடுப்பை விட்டு இறங்கவில்லை, என்னிடம் வரவில்லை. யாரும் இல்லாதபோது சீட்டு அறைக் கதவைச் சாத்திவிட்டு, துண்டை அவிழ்த்து, கைக்கண்ணாடியில் பார்த்துக்கொண்டு, அந்தக் கன்னத்தை என் விரலாலேயே தொட்டுக்கொண்டிருப்பேன். என் மகளிடம் எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். வெளியே லாரிக்காரன் ஹாரன் அடிப்பான், உடனே பல் வலிக்காரனாகிவிடுவேன்.

இரண்டாவது வாரம் வியாழக்கிழமை, திடீரென்று ஒரு மழை வர, கொடியில் காய்ந்த துணியை எடுக்கச் சுகந்தி குழந்தையை ஒரு நிமிடம் கீழே விட்டாள். வெண்பா நேராக ரோட்டோரமாக நடந்து பஞ்சர் கடைக்குப் போய், அண்ணாந்து வாயைத் திறந்துகொண்டு நின்றாள். ஷாஜகான் அண்ணன் டீயில் பன் நனைத்துக்கொண்டிருந்தார். கதவில் ஒட்டிய சீட்டை ஒரு தரம் பார்த்தார், குழந்தையின் வாயை ஒரு தரம் பார்த்தார். "அல்லா, நீயே பாத்துக்க" என்று ஒரு விள்ளல் ஊட்டிவிட்டார். அவள் விழுங்கினாள். விழுங்கியதுதான் தாமதம், அவர் லுங்கி அவிழ்ந்து காலடியில் விழுந்தது. பிடித்து நிறுத்த இடுப்பில் தொப்பை இல்லை. அவளுடைய கவுனில் கீழ்ப் பொத்தான் தெறித்து டயருக்குள் போய் விழுந்தது.

கத்திக்கொண்டே ஓடி வந்த சுகந்தி பாதிச் சத்தத்தில் நின்றாள். பிறகு மழையிலேயே ரோட்டில் உட்கார்ந்து, குழந்தையின் தொப்புளில் வாயை வைத்துக்கொண்டாள். ஷாஜகான் அண்ணன் ஒரு கையால் லுங்கியையும் ஒரு கையால் கண்ணையும் பிடித்துக்கொண்டு, "நான் குடுத்ததுல ஒண்ணும் கெட்டுப்போகல தங்கச்சி, வேணும்னா மிச்ச பன்ன நீயே மோந்து பாரு" என்றார். "பேசாதீங்கண்ணா, எனக்கு வெக்கமா இருக்குது" என்றாள் சுகந்தி.

ராஜாமணி அக்கா அன்று சாயங்காலமே பால் சோறு பிசைந்து எடுத்து வந்து ஊட்டினார். குழந்தை தின்றாள், மடிப்பு நகரவில்லை. இட்லி ஊட்டினார், நகரவில்லை. அப்புறம் யோசித்து முறுக்கு ஒன்றை ஒடித்து வாயில் வைத்ததும், கண்ணாடி வளையல் சலசலவென்று முழங்கைக்கு இறங்கியது. அப்படியாக விதி தெரிந்துபோயிற்று: அன்றைக்கு எந்தக் கை எதை ஊட்டியதோ, அதே கை அதையே ஊட்ட வேண்டும். அக்கா வெறும் மணிக்கட்டை ஒரு தரம் மோந்து பார்த்துவிட்டு, "ஒடம்பு கூடட்டும், அம்மிணி" என்று சொல்லிப் போனார். மறுநாளே சுகந்தி கதவிலிருந்த சீட்டைக் கிழித்துவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் அவர் மடியில் உட்கார வைத்தாள்.

முதலாளி மட்டும் தவணை கேட்டார். ஒரு வாரம் பொறுக்கச் சொன்னார், சம்சாரத்தோடு ஸ்டுடியோவுக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டார், படம் சரியில்லை என்று இன்னொரு தரம் எடுத்துக்கொண்டார். கடைசியில் டாக்டரம்மா சொன்ன திங்கட்கிழமைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலை, வெள்ளைச் சட்டை போட்டு, எல்லோரையும் மேடைக்கு வரச்சொல்லி, வெண்பாவின் வாயில் மைசூர்பாக்கைக் கிள்ளி வைத்தார். குழி அவர் கன்னத்திலிருந்து போனது. குழந்தை அவரைப் பார்த்துக் குழி விழச் சிரித்தாள். "போங்கடா, வேலையப் பாருங்க" என்று அவர் எல்லோரையும் திட்டினார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

நான் அந்த இடைவெளியில் சும்மா இருக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஒரு பால் ஐஸ் வாங்கி டிபன் டப்பாவில் ஒளித்து வைத்தேன். சுகந்தி குளிக்கப் போன நேரத்தில் திறந்தால், டப்பாவில் ஒரு குச்சியும் கொஞ்சம் இனிப்புப் பாலும் இருந்தது. அதைக் கரண்டியில் ஊட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை, குழந்தைக்குத் தும்மல் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை, முதலாளி கன்னத்தைத் திருப்பிக் கொடுத்த பிறகு, சுகந்தி குழந்தையை மேடை நடுவில் இறக்கிவிட்டாள். ஒரு பக்கம் கன்னமும் ஒரு பக்கம் பள்ளமுமாக வெண்பா நின்றாள். எல்லோரும் பலகையைப் பார்த்தோம். பூஜ்யம்.

"இன்னும் ஒரு கன்னம்" என்றாள் சுகந்தி. அவள் யாரையும் திட்டவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மேடையிலேயே உட்கார்ந்துகொண்டு, அங்கே நின்ற ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தாள். "நாளைக்கி மூக்குல குழாய் போட்டுருவாங்க. யாருகிட்ட இருந்தாலும் குடுத்துருங்க. எதைக் குடுத்தீங்க, ஏன் குடுத்தீங்கன்னு நான் கேக்கவே மாட்டேன். தெரியாமத்தான் குடுத்திருப்பீங்க. எனக்கு எம் புள்ளைய முழுசாக் குடுத்தாப் போதும்." பிறகு என்னைப் பார்த்து, "நீங்க வெயில்ல நிக்காதீங்க, பல் வலி கூடிரும்" என்றாள்.

அப்போது ஐஸ் மணி அடித்தது.

நான் ரோட்டுக்கு நடந்தேன். அவ்வளவு தூரம் நடந்த நினைவு எனக்கு வேறு இல்லை, இருபது அடிகூட இருக்காது. ஒரு பால் ஐஸ் வாங்கினேன். திரும்பி வந்து சுகந்தியின் எதிரே நின்று, உச்சந்தலை முடிச்சை அவிழ்த்தேன். அன்று காலை இறுக்கிப் போட்ட முடிச்சு, சுலபத்தில் வரவில்லை. முதலாளி பின்னால் வந்து அவிழ்த்துவிட்டார். துண்டு விழுந்தது. ஒரு பக்கம் மூன்று வாரத்துத் தாடியும், ஒரு பக்கம் பொட்டு வைத்த கன்னமுமாக நான் ஊருக்கு நடுவில் நின்றேன். ராஜாமணி அக்கா, "அடப் பாவி" என்றார். அதை அவர் அன்பாகச் சொல்லவில்லை.

"ஐஸ்" என்றேன். "நீ ரேஷனுக்குப் போயிருந்தப்ப. கீழ விழுந்துருச்சு. இங்கதான், இந்த மேடை மேலதான். ஊதிட்டுக் குடுத்தேன்."

சுகந்தி எழுந்தாள். கன்னத்தைப் பார்த்தாள், பொட்டைப் பார்த்தாள். அவள் கையால் வைத்த பொட்டு, அவளுக்குத் தெரியாதா. "இதுக்கா கிராம்புத் தைலம் தடவுனேன்?" என்று மெதுவாகக் கேட்டாள். பிறகு கையை ஓங்கி ஒரு அறை அறைந்தாள். முன்னால் நின்ற லாரியின் கிளீனர் ஹாரன் அடித்தது என்று நினைத்தானாம். அத்தனை கோபத்திலும் அவள் என் இடது கன்னத்தில்தான் அறைந்தாள். வலது கன்னத்தில் விரல் நுனிகூடப் படவில்லை. அது அவள் மகளுடையது.

அறைந்து முடித்த பிறகு, என் தலையை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பி, பொட்டின் மேல் முகத்தை அழுத்திக்கொண்டு, மூன்று வாரத்து முத்தத்தையும் அங்கேயே வைத்தாள். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. முத்தம் எனக்கில்லை என்று எனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். ஆனாலும் நான் அழுதேன்.

"ஊட்டுங்க" என்றாள் விலகி நின்று. நான் ஐஸைப் பிரித்தேன். "இதையும் கீழ போட்டு, ஊதித்தான் குடுக்கணுமா?" என்றாள். "இல்ல" என்றேன். "அப்படின்னா ரெண்டு கையிலயும் பிடிங்க."

ரெண்டு கையாலும் பிடித்து ஊட்டினேன். வெண்பா ஐஸை ஒரு தரம் நக்கிவிட்டு, என்னை அடையாளம் தெரிந்தவள் போல, மூன்று வாரத்துக்குப் பிறகு என் மூக்கைப் பிடித்தாள். இரண்டாவது வாய்க்கு என் வலது பக்கம் குளிர்ந்தது, வற்றியது, எலும்பு தட்டியது. எனக்குப் பழகிய முகம்தான் திரும்பி வந்தது, ஆனால் யாரோ இறங்கிப் போய்விட்ட இடம் மாதிரி இருந்தது. அவள் வலது கன்னம் பொட்டோடு உப்பி நின்றது. அவளைத் தனியாக விட்டு எல்லோரும் மேடையை விட்டு இறங்கியதும், தலைக்கு மேல் பலகையில் இருபது விழுந்தது. முதலாளி கைதட்டினார், ஷாஜகான் அண்ணன் லுங்கியைப் பிடித்துக்கொண்டு ஒரு கையால் தொடையில் தட்டினார். சீட்டு அடிக்கட்டுமா என்று கேட்க வாயைத் திறந்து, சுகந்தியின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை டாக்டரம்மாவின் தராசில் பத்து கிலோ நூற்றைம்பது. அவர் பழைய மருந்துச் சீட்டைத் திருப்பி, இடது கன்னத்துக்கு ஒரு டிக், தொப்பைக்கு ஒரு டிக், மடிப்புக்கு ஒரு டிக் போட்டார். வலது கன்னத்துக்கு நேரே இருந்த கேள்விக்குறியில் பேனாவை வைத்துக்கொண்டு, "இது யாருகிட்ட இருந்துச்சு?" என்று கேட்டார். சுகந்தி கண்ணால் என்னைக் காட்டினாள். அவர் 'அப்பா' என்று எழுதி டிக் போட்டார். பிறகு நிமிர்ந்து, ஐந்து விரலும் பதிந்து வீங்கிக் கிடந்த என் இடது கன்னத்தைப் பார்த்தார்.

"அது என்ன, இன்னும் ஒண்ணு மிச்சம் இருக்குதா?"

"அது பல் வலிங்க டாக்டர்" என்றேன்.

மூன்று வாரத்தில் முதல் தடவையாகச் சுகந்தி சிரித்தாள். சிரித்துக்கொண்டே கைப்பைக்குள் கையை விட்டு, கிராம்புத் தைலப் புட்டியை எடுத்து என் மடியில் வைத்தாள். வைத்துவிட்டு, குழந்தையைத் தூக்கி என் கையில் கொடுத்தாள்.